பெங்களூரில் முளைத்த மக்கள் நாடகம்

டாடா இன்ஸ்டிடியூட் என்றாலே பெங்களூர்த் தமிழர்களாகிய நமக்கு சர் சி.வி. ராமன் ஞாபகம்தான் வரும். தப்பில்லை. ஆனால் அந்த மரநிழல் வளாகத்துக்கும் நம் நாட்டு நாடக வரலாற்றுக்கும் ஓர் உறவு உண்டு. அது நம்மில் பலருக்குத் தெரியாது.

1939-ல் ஐரோப்பாவில் போர் மூண்டபோது இந்தியா வந்திருந்த ஹோமி பாபாவால் கேம்பிரிட்ஜ் திரும்ப முடியவில்லை. ராமனின் இயற்பியல் துறையிலேயே சேர்ந்துவிட்டார். மனிதர் படம் வரைவார், சங்கீதம் என்றால் உயிர். அந்த நாளில் கண்டியிலிருந்து வந்து இங்கே இருந்தவர் அனில் டி சில்வா என்ற பெண்மணி. இலங்கை அரசியல் தலைவர் ஜார்ஜ் ஈ. டி சில்வாவின் மகள். 1941-ல் அவர் பெங்களூரில் ஒரு சிறிய நாடகக் குழுவைத் தொடங்கினார். ரொமெய்ன் ரோலந்தின் நூலை மனத்தில் வைத்து ‘மக்கள் நாடகம்’ என்ற பெயரைச் சொன்னவர் பாபாதான் என்பார்கள். அனில் பின்னர் பம்பாய் போனார். 1943 மே 25 அன்று அங்கே உருவான இந்திய மக்கள் நாடக மன்றத்துக்கு (இப்டா என்று சொல்வோமே, அதுதான்) அவரே பொதுச் செயலாளர். பிற்பாடு பல்ராஜ் சஹானி, ரவிசங்கர் போன்றோர் எல்லாம் அதில் பாடுபட்டார்கள். வங்கப் பஞ்சத்துக்கு ஊர் ஊராகப் பாடி, ஆடி நிதி திரட்டினார்கள்.

ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. நம் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் காட்டு வழியே நடந்து வந்தார்கள். இப்டாவில் முன்நின்ற இடதுசாரிகள், பாசிசத்தை முதலில் ஒழிக்கவேண்டும், ஆகவே இது மக்கள் யுத்தம் என்றார்கள். அதே ஆகஸ்டில் காந்திஜி ‘வெள்ளையனே வெளியேறு’ என்றார். மைசூர் பாங்க் சதுக்கத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. ஒருத்தர் மேடையேறினார், இன்னொருத்தர் ஜெயிலுக்குப் போனார். யார் செய்தது சரி என்று இன்றைக்கும் வாதாடுகிறார்கள். இரண்டு பக்கமும் உண்மையானவர்கள் இருந்தார்கள் என்பது என் எண்ணம்.

சினிமாவில் கதை வேறு. கச்சா பிலிம் தட்டுப்பாட்டால் படத்தின் நீளத்தைப் பதினோராயிரம் அடிக்குள் அடக்கச் சொல்லிவிட்டது சர்க்கார். போர் ஆதரவுப் படங்களும் வந்தன. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘பர்மா ராணி’ (1945) அந்த ரகம். கே. சுப்பிரமணியத்தின் ‘தியாகபூமி’யை 1940-ல் தடை செய்ததும் அதே சர்க்கார்தான்.

ஆனால் இப்டா பிறப்பதற்கு வெகு முன்பே, கட்சித் திட்டமோ அறிக்கையோ எதுவுமில்லாமல் இந்தக் காரியத்தைச் செய்தவர்கள் நம் ஸ்பெஷல் நாடகக்காரர்கள். 1876-ஆம் ஆண்டு நாடகச் சட்டப்படி ஆட்சேபகரமான நாடகத்தை அரசு நிறுத்தலாம். ஆனால் வள்ளி திருமணத்தில் எதைத் தடுப்பது? அது முருகன் கதையாச்சே! ஸ்பெஷல் நாடகத்தில் முழு வசனம் எழுதிவைக்கும் வழக்கம் கிடையாது. வேலன், வேடன், விருத்தன் என்று வேஷம் மாறும்போதெல்லாம் நடிகர் தம் இஷ்டத்துக்கு ஒரு பாட்டை நுழைப்பார். தினைப்புனத்தில் பறவை விரட்டுகிற பாட்டு திடீரென்று வெள்ளைக்காரனை விரட்டுகிற பாட்டாகிவிடும். கொட்டகைக்குள் இருந்த போலீஸ்காரருக்கும் அது புரியும், ஜனங்களுக்கும் புரியும்.

இதில் தலைமகன் எஸ்.எஸ். விஸ்வநாத தாஸ். சிவகாசியில் 1886-ல் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர். மருத்துவர் சமூகத்தவர் என்பதால் அவரோடு சேர்ந்து நடிக்கவே சிலர் மறுத்தார்கள். அந்த அவமானத்தையும் தாங்கிக்கொண்டார், திரும்பத் திரும்பச் சிறை சென்று வறுமையையும் தாங்கினார். நாடகக்காரருக்கு மேடைதான் சோறு. சிறையில் இருக்கிற நாளெல்லாம் வீட்டில் அடுப்பு எரியாத நாள். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில் முருகன் வேஷத்தில் மயில்மேல் அமர்ந்தபடியே அவர் உயிர் பிரிந்தது.

அடுத்த சில மாதங்களில்தான் பெங்களூரில் அனிலின் குழு தொடங்குகிறது. ஒருத்தர் பெயர் மற்றவர் காதில் விழுந்திருக்குமா என்றுகூடத் தோன்றவில்லை. ஒருபுறம் புத்தகம் படித்து மக்களைத் தேடி வந்தவர்கள். மறுபுறம் மக்களுக்குள்ளேயே இருந்து பாடிய ஒரு மனிதர்.

திருமங்கலத்தில் தாஸுக்கு நினைவு இல்லம் இருக்கிறது. அடுத்த தடவை மதுரைப் பக்கம் போகிறவர்கள் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு நடை எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.