மருந்துப் பட்டியலும் நோய்த் தேர்வும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில், வீரராசேந்திர சோழனின் 5ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. இவன் அரியணை ஏறியது கி.பி. 1063 ஆகும். 'வீரசோழன்' என்னும் ஆதுலசாலைக்குரிய 15 படுக்கைகளையும், மருத்துவர், சல்லியக்கிரியை பண்ணுவோர், மருந்துப் பணியாளர், நோயாளரைப் பேணும் பெண்டிர், நாவிதர் ஆகியோரையும், சேமித்து வைத்த மருந்துகளின் பெயர்களையும் அஃது எடுத்துரைக்கின்றது.

இம்மருந்துப் பெயர்களைக் கொண்டே, அக்கால மருத்துவர் இன்னின்ன நோய்களைப் பிரித்தறிந்தனர் என முடிவு கட்டுதல் பொருந்தாது. கல்வெட்டு மருந்தைக் கூறுகின்றது. நோயைத் தேரும் நெறியைக் கூறவில்லை. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவை, இதே தொண்டை நாட்டில் நாய்களின் நோயொன்று கண்டறியப்பட்ட வரலாறு நன்கு விளக்கும்.

சென்னை வேட்டைக் கழகத்து நாய்களின் குருதியில், அதுவரை அறியப்படாத நுண்ணிய ஒட்டுண்ணி ஒன்றைப் பேட்டன் என்பார் கண்டு 1910இல் வெளியிட்டார். நரியின் குருதியிலும் அதனைக் கண்டார். இன்று அது 'பாபிசியா கிப்சோனி' எனப்படும். இதனினும் பெரிய 'பாபிசியா கேனிசு' 1895இலேயே இத்தாலியில் விவரிக்கப்பட்டிருந்தது. இரண்டும் உண்ணிகளால் பரவுவன. குருதிச் செவ்வணுக்களை அழிப்பன. காய்ச்சல், சோகை, மண்ணீரல் வீக்கம் ஆகிய குறிகள் இரண்டிற்கும் பொது. நாயின் உடலில் உண்ணி காணப்படுதல் ஐயத்தை எழுப்புமேயன்றித் துணிவைத் தாராது.

வேறுபாட்டைக் காட்டுவது சாயமேற்றிய குருதிப் பூச்சு. உருப்பெருக்கியின் கீழ்ப் பெரியது பேரிக்காய் வடிவில் பெரும்பாலும் இணையாகத் தோன்றும். சிறியது பெரும்பாலும் வளையமாகத் தோன்றும். ஒட்டுண்ணி அருகிய குருதியில் பூச்சும் தவறவிடக்கூடுமாதலின், இக்காலத்தார் மரபணுச் சோதனையையும் துணைக்கொள்வர். இத்தேர்வு வீண் நுணுக்கமன்று. பெரியதை ஒடுக்கும் இமிடோகார்ப் என்னும் மருந்து சிறியதை முற்றும் ஒடுக்குவதில்லை. ஒரே குறியுடைய இரு நோய்க்கு இருவேறு மருந்துகள் வேண்டப்படுதலின், குறியைக் கண்ட அளவில் மருந்து தருவோன் நாயை இழத்தலும் கூடும்.

திருக்குறளின் மருந்ததிகாரமும் நோயையும் அதன் முதலையும் நாடுதலை மருந்திற்கு முன் வைத்தமை ஈண்டு நினையத்தக்கது. பழைய நூல்களில் புழுவைக் குறிக்கும் 'கிருமி' என்னும் சொல்லில் இக்கால நுண்ணுயிரைக் காண்பதும் இவ்வகை வழுவேயாம். திருமுக்கூடற் கல்வெட்டின் பெருமை, நோயாளரைப் பேணுதற்கு ஊதியமும் நெல்லும் வகுத்த அறத்தின் ஒழுங்கில் உள்ளது. அது கூறாததை அதன்மேல் ஏற்றாதிருத்தலே அப்பெருமைக்கு நாம் செய்யும் காப்பாகும்.