செய்திக்குறிப்பு

செய்திக்குறிப்பு என்பது ஓர் அமைப்போ தனிநபரோ பொதுமக்களுக்குத் தெரிவிக்க விரும்பும் தகவலை, செய்தியாக வெளியிடக் கோரி ஊடகங்களுக்கு எழுதித் தரும் சுருக்கமான ஆவணம். அரசு அலுவலகங்களில் இது ‘செய்தி வெளியீடு’, கட்சிகளிடம் ‘அறிக்கை’, நிருபர்களின் பேச்சில் ‘பிரஸ் ரிலீஸ்’. விளம்பரத்துக்குப் பணம் கட்டுபவர் இடத்தையும் வாசகத்தையும் தாமே முடிவு செய்கிறார். செய்திக்குறிப்புக்குக் கட்டணம் இல்லை. போடுவதும் சுருக்குவதும் ஒதுக்குவதும் ஆசிரியர் குழுவின் உரிமை. அதனால் அனுப்புபவரின் பெருமையைவிட வாசகரின் தேவையே அதை அச்சேற்றுகிறது. பொள்ளாச்சி வட்டாரத்தில் வெளியாகும் அணை நீர்த் திறப்பு அறிவிப்பும் இளநீர் விலை அறிவிப்பும் இதற்குச் சான்றுகள்.

தோற்றம்

நாளிதழ் எட்டாத காலத்தில் ஊராருக்கான அறிவிப்பு தண்டோரா வழியே போனது. தமிழ்நாட்டில் இவ்வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. 2022 ஆகஸ்டில்தான் அரசு இதற்குத் தடை விதித்து, வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கும்படி கூறியது. தண்டோராவில் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவே யாரும் இல்லை. செய்திக்குறிப்பிலோ நடுவில் ஒரு பத்திரிகை இருக்கிறது. தகவலை எடை போட்டுப் பார்த்த பிறகே அது வாசகரிடம் சேர்க்கிறது.

இன்றைய வடிவின் தொடக்கமாகப் பொதுவாகச் சுட்டப்படுவது ஓர் அமெரிக்க ரயில் விபத்து. 1906 அக்டோபர் 28 அன்று அட்லாண்டிக் சிட்டி அருகே பென்சில்வேனியா ரயில்வேயின் வண்டி பாலத்திலிருந்து நீரில் விழுந்து 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முன்பு நிருபராக இருந்த ஐவி லீ அப்போது அந்த நிறுவனத்தின் விளம்பர ஆலோசகர். விபத்தை மூடி மறைக்காமல், நடந்ததை நிறுவனமே எழுதி நிருபர்களுக்குக் கொடுக்கச் செய்தார். ‘நியூயார்க் டைம்ஸ்’ அதை வார்த்தை மாறாமல் வெளியிட்டது.

இந்தியாவிலும் தமிழகத்திலும்

இந்தியாவில் இதற்கான அரசு அமைப்பு 1919-இல் ஷிம்லாவில், உள்துறையின் கீழ் ஒரு சிறு பிரிவாகத் தொடங்கியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு இந்தியா பற்றிய அறிக்கை தயாரிப்பதே அதன் முதன்மைப் பணி. 1941-இல் ஜே. நடராஜன் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் ஆனார். 1946-இல் அது பத்திரிகைத் தகவல் அலுவலகம் என்ற பெயர் பெற்றது.

தமிழக அரசின் குறிப்புகளைச் செய்தி மக்கள் தொடர்புத் துறை எண்ணும் தேதியும் இட்டு வெளியிடுகிறது. கீழே துறை இயக்குநரின் பெயரில் ‘சென்னை-9’ என்று முடியும். மாவட்டங்களில் இப்பணி ஆட்சியர் அலுவலகத்திலுள்ள செய்தி மக்கள் தொடர்பு அலுவலருடையது. அவரை நிருபர்கள் ‘பி.ஆர்.ஓ.’ என்றே அழைப்பர்.

திரையுலகில் இத்தொழிலுக்கு வழி திறந்தவர் ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன். எம்.ஜி.ஆரின் ‘நாடோடி மன்னன்’ (1958) படத்தின் செய்திகளையும் படங்களையும் பத்திரிகைகளுக்குக் கொண்டு சேர்த்த இவர், தமிழ்த் திரையின் முதல் மக்கள் தொடர்பாளராக அறியப்படுகிறார்.

பொள்ளாச்சி வட்டாரத்தில்

பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் கீழ், திருமூர்த்தி அணையை நம்பிய சுமார் 3.77 லட்சம் ஏக்கர் நிலம் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுச் சுழற்சி முறையில் நீர் பெறுகிறது. ஒரு மண்டலத்துக்கு முறை வர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். ஆகவே, நீர் திறப்பு பற்றிய செய்தி வெளியீட்டை உடுமலை, பொள்ளாச்சி, பல்லடம் பகுதி விவசாயிகள் வரிவரியாகப் படிக்கின்றனர். எந்த அணை, எந்த மண்டலம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை மில்லியன் கன அடிக்கு மிகாமல், எத்தனை ஏக்கர் பயன் பெறும் என்பவை அதில் ஒரே பத்தியில் அடங்கிவிடும். அதை நம்பித்தான் விதை வாங்குவதும் உழவுக்கு ஆள் சொல்வதும் நடக்கின்றன.

ஆனைமலை வட்டார இளநீர் உற்பத்தியாளர்கள் வெளியிடும் வாராந்திர விலை அறிவிப்பு வேறு வகை. வீரிய ஒட்டு ரகக் காய்க்குப் பண்ணையில் என்ன விலை, ஒரு டன் என்ன விலை என்பது உள்ளூர்ப் பக்கங்களில் வெளியாகிறது. தோட்டத்துக்கு வரும் வியாபாரி சொல்லும் விலையை ஒப்பிட்டுப் பார்க்க விவசாயிக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. விலை பேசும் இடத்தில் நாளிதழின் துண்டுச் செய்தி விவசாயியின் பக்கம் நிற்கிறது.

2015 முதல் பொங்கலையொட்டிப் பொள்ளாச்சியில் நடந்துவரும் வெப்பக் காற்றுப் பலூன் விழா, காட்சியைக் கொண்டே செய்தியாகும் நிகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டு. இங்கே குறிப்பைவிட அத்துடன் அனுப்பும் படமே முந்திக்கொள்கிறது.

எழுதும் முறை

யார், என்ன, எங்கே, எப்போது, ஏன் என்பவற்றுக்கு முதல் பத்தியிலேயே விடை இருக்க வேண்டும். இடப் பற்றாக்குறையில் பத்திரிகை அடியிலிருந்தே வெட்டும் என்பதால் வரவேற்புரை, நன்றியுரைப் பட்டியல்கள் கடைசிக்குப் போகும். ஊர்ப் பெயரும் தேதியும், பொறுப்பானவரின் கையொப்பமும் தொலைபேசி எண்ணும், படத்தில் இருப்போரின் பெயர்களும் வேண்டும். மின்னஞ்சல் வந்த புதிதில், ஒரு கணினியில் அடித்த தமிழ் எழுத்துரு இன்னொன்றில் சிதைந்து தெரிந்ததால் பல குறிப்புகள் மறுபடி தட்டச்சுக்குப் போயின. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. இன்று வாட்ஸ்அப்பில் வரும் குறிப்பை அப்படியே பக்கத்தில் ஏற்ற முடிகிறது.

சட்ட வரம்பு

பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது, இந்திய தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவின்படி குற்றமாக இருந்தது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவிலும் அத்தடை தொடர்கிறது. 2019 பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில், காவல்துறை செய்தியாளர்களுக்கு அளித்த தகவலிலும், வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றிய அரசாணையிலும் பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளம் வெளிப்பட்டது. அந்த ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவருக்கு ரூ.25 லட்சம் இழப்பீடு வழங்க அரசுக்கு உத்தரவிட்டது. ஒரு குறிப்பில் எதை எழுதக் கூடாது என்பதை அதிகாரிகளுக்கு நினைவூட்டிய உத்தரவு அது.

இன்றைய நிலை

போலி முகப்புத்தாளில் பரவும் பொய்க் குறிப்புகள் இப்போதைய சிக்கல். இதற்காகப் பத்திரிகைத் தகவல் அலுவலகம் 2019-இலும், தமிழக அரசு 2023-இலும் தகவல் சரிபார்ப்புப் பிரிவுகளைத் தொடங்கின. மழைக்காலத்தில் ‘பள்ளிகளுக்கு விடுமுறை’ என்று ஒரு தாள் கைபேசிக்கு வந்தால், அதிலுள்ள எண்ணையும் தேதியையும் ஆட்சியர் அலுவலகத்தின் அதிகாரப்பூர்வப் பக்கத்தோடு ஒப்பிட்டுவிட்டே நிருபர்கள் எழுதுகின்றனர்.