சாரஃபாண்ட்: ஆறு எஞ்சின் பறக்கும் படகு

இங்கிலாந்தின் ராச்செஸ்டர் நகரையொட்டிய மெட்வே ஆற்றிலிருந்து 1932 ஜூன் 30 அன்று ‘ஷார்ட் சாரஃபாண்ட்’ முதன்முதலாக மேலெழும்பியது. ஓட்டியவர் ஷார்ட் பிரதர்ஸ் நிறுவனத்தின் சோதனை விமானி ஜான் லங்கெஸ்டர் பார்க்கர். அதுவரை பிரிட்டனில் உருவான பறக்கும் படகுகளில் இதுதான் மிகப் பெரியது.

பறக்கும் படகு என்பது காலில் மிதவை கட்டிய விமானம் அல்ல. அதன் உடலே படகு. ஓடுதளம் தேவையில்லை, அமைதியான நீர்ப்பரப்பு போதும். கடல் கடந்த பேரரசைக் காவல் காக்க வேண்டியிருந்த பிரிட்டனுக்கு அது வசதியாக இருந்தது. நீண்டதூரக் கடற்காவலுக்காக விமான அமைச்சகம் வகுத்த ஆர் 6/28 விவரக்குறிப்பின்படி பிறந்ததே சாரஃபாண்ட்.

ஷார்ட் நிறுவனத்தின் ‘சிங்கப்பூர் 2’ விமானத்தில் நான்கு எஞ்சின்கள், முன்னும் பின்னுமாக இரண்டு ஜோடிகளாக நின்றன. அதே ஏற்பாட்டை இங்கே மூன்று ஜோடிகளாக்கினார்கள். தலா 825 குதிரைத்திறன் கொண்ட ஆறு ரோல்ஸ் ராய்ஸ் பஸ்ஸார்டு எஞ்சின்கள், மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே தூண்களில் அமர்ந்தன. ஒவ்வொரு ஜோடியிலும் முன்விசிறி இழுக்கும், பின்விசிறி தள்ளும். ஆறையும் வரிசையாகப் பரப்பினால் காற்றின் தடை கூடும். ஓரத்து எஞ்சின் ஒன்று நின்றால் விமானம் ஒருபக்கமாகத் திரும்பும். ஜோடி சேர்த்ததில் இரண்டுமே குறைந்தன. ஆனால், முன்விசிறி கலக்கிவிட்ட காற்றில்தான் பின்விசிறி வேலைசெய்ய வேண்டியிருந்தது.

இறக்கையின் அகலம் 36.6 மீட்டர், நிறை ஏறத்தாழ 32 டன், பணியாளர் பத்துப் பேர். உடற்கூடு அலுமினியக் கலவை; நீரில் உரசும் அடிப்பகுதி மட்டும் துருப்பிடிக்காத எஃகு. உப்புநீர் அலுமினியத்தை அரிக்கும். தவிர, ஓட்டத்தின் வேகத்தில் அலை மென்மையாகவா இருக்கும்?

ஃபீலிக்ஸ்டோவில் இருந்த கடல்விமானச் சோதனை நிலையத்தில் நடந்த சோதனைகளில் சாரஃபாண்ட் தோற்கவில்லை. இறக்கைகளைத் தூணும் கம்பியும் வைத்துக் கட்டும் காலம்தான் முடிந்துகொண்டிருந்தது. 4,950 குதிரைத்திறன் இருந்தும் அதன் உச்ச வேகம் மணிக்கு 240 கிலோமீட்டர்தான். அதே ஷார்ட் நிறுவனம் 1937இல் பறக்கவிட்ட ஒற்றை இறக்கை சண்டர்லாண்டு, நான்கே எஞ்சின்களுடன் 330ஐத் தாண்டியது.

இரண்டாவது சாரஃபாண்ட் கட்டப்படவில்லை. கட்டிய ஒன்றும் 1936இல் உடைத்துக் கழிக்கப்பட்டது.