சாக்கடையைப் படித்த விஞ்ஞானிகள்

புதுச்சேரியில் படித்துவிட்டுப் போனவர்களிடம் ஊரைப் பற்றிக் கேட்டால், கடற்கரைச் சாலை, ஸ்கேல் வைத்துப் போட்டது போன்ற வீதிகள், பாரதி பூங்கா என்று அடுக்குவார்கள். சாயங்காலம் ஆனால் ஹாஸ்டல் ஜன்னலைச் சாத்த வைத்த கொசுவை ஒருத்தரும் சொல்வதில்லை. ஆனால் மருத்துவ ஆராய்ச்சி உலகில் நம்ம ஊர் பெயர் அடிபடுவதற்கு அந்தக் கொசுவும் ஒரு காரணம். அந்தக் கதையை நண்பர்களுக்கும் இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் சொல்லலாம் என்றுதான் இந்தக் கட்டுரை. நான் டாக்டர் இல்லை. கழிவுநீர் வடிகால் வேலை பார்க்கும் இன்ஜினியர். அதனாலேயே எனக்கு இதில் ஈடுபாடு ஜாஸ்தி.

யானைக்கால் வந்த வழி

யானைக்கால் நோய் நம் நாட்டுக்குப் பழையது. தலைவிதி என்றார்கள், தண்ணீர்க் கோளாறு என்றார்கள். 1872-ல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் என்ற டாக்டர் மனித ரத்தத்தில் நுண்ணிய புழுக்களைப் பார்த்தார். 1876-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஜோசப் பாங்கிராஃப்ட் வளர்ந்த புழுவைக் கண்டுபிடித்தார். 1877-ல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பாட்ரிக் மேன்சன், இந்தப் புழு கொசுவின் உடம்புக்குள் வளர்வதைக் கண்டார். ரொனால்ட் ராஸ் மலேரியாவுக்கும் கொசுவுக்கும் முடிச்சுப் போட்டதற்கு 20 வருஷம் முந்தைய சங்கதி இது!

நம் பக்கம் இந்தப் புழுவைப் பரப்புவது க்யூலெக்ஸ் இனக் கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் நல்ல தண்ணீரில் முட்டையிடும். க்யூலெக்ஸுக்கு அழுக்குத் தண்ணீர்தான் சொர்க்கம். தேங்கிய சாக்கடை, மூடி உடைந்த செப்டிக் டேங்க், பாழுங்கிணறு எல்லாம் அதற்குப் பிரசவ ஆஸ்பத்திரி. அப்படியானால் யானைக்கால் மருத்துவப் பிரச்சினை மட்டும்தானா? பாதிக்குப் பாதி அது வடிகால் பிரச்சினை.

நம் ஊரைப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர்கள் வீதிகளை ஒழுங்காகப் போட்டார்கள். கடலோரத்து வெள்ளையர் பகுதியையும் மேற்கே தமிழர் பகுதியையும் பெரிய வாய்க்கால் பிரித்தது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்கு நல்ல தண்ணீர் வந்தது. அதன் ஞாபகமாக ஆயி மண்டபம் நிற்கிறது. தண்ணீர் வந்ததற்கு மண்டபம் உண்டு. வந்த தண்ணீர் அழுக்காகி வெளியே போகும் வழிக்கு எந்த ஊரிலும் யாரும் மண்டபம் கட்டுவதில்லை! 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தது. அப்புறம் ஊர் பெருகியது, அதோடு கழிவுநீரும் பெருகியது.

எண்ணிக்கையில் தொடங்கிய வேலை

1955-ல் தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1975-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் புதுச்சேரியில் வி.சி.ஆர்.சி. எனப்படும் நோய்பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தை அமைத்தது. இந்திரா நகர் மருத்துவ வளாகத்தில் அந்தப் போர்டை நம்மில் பலர் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்போம். 1990 வரை அதன் இயக்குநராக இருந்தவர் பி.கே. ராஜகோபாலன். புனேயில் வைரஸ் ஆராய்ச்சி மையத்தில் கியாசனூர் காட்டுக் காய்ச்சலை ஆராய்ந்துவிட்டு வந்தவர்.

1981-ல் இந்த மையம் புதுச்சேரி நகரத்தையே ஆய்வுக்களமாக எடுத்துக்கொண்டு ஐந்து வருஷத் திட்டத்தைத் தொடங்கியது. சும்மா சொல்லக்கூடாது, அணுகுமுறையே வேறு. கொசு மருந்தை மட்டும் நம்பவில்லை. எங்கே, எவ்வளவு கொசு உற்பத்தியாகிறது என்று முதலில் கணக்கெடுத்தார்கள். சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி, கிணறு என்று தேடித் தேடிப் பார்த்தார்கள். இந்த நுண்புழுக்கள் ராத்திரியில்தான் தோலுக்கடியில் ஓடும் ரத்தத்துக்கு வரும். அதனால் ஜனங்களிடம் ரத்தம் எடுப்பதும் ராத்திரி வேலை. நடுத்தூக்கத்தில் கதவைத் தட்டி விரலை நீட்டச் சொன்னால் யார் சம்மதிப்பார்கள்? சம்மதிக்க வைப்பதே பெரிய சமூகப்பணி.

இடத்துக்கு ஏற்ற வைத்தியம் செய்தார்கள். தேவையில்லாத குழியை மூடு, தேங்கிய தண்ணீரை வடி, வாய்க்காலைத் தூர் வாரு, கிணற்றில் கொசுப்புழு தின்னும் மீனை விடு. மருந்து, தேவைப்படும் இடத்தில் மட்டும். கொசு குறைந்தது, நோய் பரவுவதும் குறைந்தது. சின்னப் பிள்ளைகளிடம் புதிய தொற்று குறைந்ததுதான் இதற்கு நல்ல சாட்சி.

பிறகு என்ன ஆயிற்று?

1985-ல் திட்டம் முடிந்தது. கொசு திரும்பி வந்தது! இதையும் அந்த மையத்தின் விஞ்ஞானிகளே அளந்து, 1992-ல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். வெற்றியைப் பிரசுரிப்பவர்கள் நிறையப் பேர். வெற்றி நழுவியதையும் அளந்து எழுதுவதுதான் ஆராய்ச்சி.

புதுச்சேரியில் சேர்த்த தகவல்களை வைத்து, நெதர்லாந்தின் ராட்டர்டாம் எராஸ்மஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் மாதிரி உருவாக்கினார்கள். 2004-ல் வெளிவந்த கணிப்புப்படி, மனித உடம்புக்குள் இந்தப் புழுவின் சராசரி ஆயுள் சுமார் 10 வருஷம். விஷயம் இப்போது புரிகிறதல்லவா? திட்டம் 5 வருஷம், புழு 10 வருஷம்.

இதனால் நஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. வீங்கிய காலோடு வேலைக்குப் போகமுடியாத ஆண், கல்யாணம் தட்டிப்போகும் பெண், வெளியே சொல்ல வெட்கப்படும் விரைவீக்கக்காரர் என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கதை. யானைக்காலால் இந்தியாவுக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 100 கோடி டாலர் நஷ்டம் என்று வி.சி.ஆர்.சி. ஆய்வாளர்களும் சேர்ந்து 2000-ல் கணக்கிட்டார்கள்.

2004 முதல் இந்திய அரசு, நோயுள்ள மாவட்டங்களில் எல்லோருக்கும் மாத்திரை தரும் திட்டத்தை நடத்துகிறது. 2027-க்குள் நோயை ஒழிப்பது இலக்கு. மாத்திரை மட்டும் போதுமா? பக்கத்திலேயே திருக்கோவிலூர் கிராமங்களில், மாத்திரையோடு கழிவுநீர்த் தொட்டிகளில் தெர்மோகோல் மணிகளை மிதக்கவிட்டுக் கொசுவையும் தடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை நின்ற பிறகும் பலன் நிலைத்தது கொசுவையும் தடுத்த ஊர்களில்தான்.

நமக்கு என்ன வேலை?

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து வி.சி.ஆர்.சி. எம்.எஸ்சி. படிப்பும் நடத்துகிறது. டெங்குவைத் தடுக்க வோல்பாக்கியா என்னும் பாக்டீரியா ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை வளர்த்திருப்பதாக 2022-ல் அறிவித்தது. பூச்சியியல்காரர்கள் அவர்கள் வேலையைச் செய்கிறார்கள். இன்ஜினியர்கள்?

சாக்கடையில் தண்ணீர் வினாடிக்கு 0.6 மீட்டராவது ஓடினால்தான் மண் படியாது என்று பாடத்தில் படித்தோம். மேடு பள்ளமில்லாத நம்ம ஊரில் அந்தச் சரிவு கிடைப்பது கஷ்டம். பாலத்துக்கடியில் அடிமட்டம் இரண்டு அங்குலம் தூக்கிவிட்டால் போதும், அதற்குப் பின்னால் குளம் கட்டிவிடும். முட்டையிலிருந்து கொசு வர ஒரு வாரம் பத்து நாள் போதும். லெவல் எடுக்கத் தெரிந்த மூன்றாம் வருஷ மாணவனே இந்தத் தப்பைக் கண்டுபிடித்துவிடுவான்.

ஆகவே ஒரு யோசனை. இறுதியாண்டு புராஜெக்டில் ஒரு குழு, ஒரு வார்டின் வாய்க்கால்களை லெவல் எடுத்து, தேங்கும் இடங்களைக் குறித்து, வரைபடத்தை நகராட்சியிடமும் ஆராய்ச்சி மையத்திடமும் கொடுக்கட்டும். அடுத்த பேட்ச் அதே இடங்களை மறுபடி அளக்கட்டும். கருவிக்கும் பயணச் செலவுக்கும் பழைய மாணவர் சங்கம் கை கொடுக்கட்டும். என் பங்கை நான் தருகிறேன்.

ஒரு பேட்ச்சின் ஆயுள் 4 வருஷம்தான். ஆனால் கல்லூரியில் ஒரு பேட்ச் போனால் அடுத்தது வருகிறது. பத்து வருஷம் விடாமல் அளக்க அதைவிடத் தோதான இடம் எது? அடுத்த சந்திப்பு மலரில், இந்தத் தலைப்பில் ஒரு மாணவர் எழுதிய கட்டுரையைப் படிக்க ஆசை.