மந்திரிக்குக் கால் முளைத்த கதை

1/ நீடாமங்கலம் பக்கத்துல திருப்பூவனூர்னு ஒரு ஊர். பழைய தஞ்சாவூர் ஜில்லா, இப்போ திருவாரூர் மாவட்டம். அப்பர் பாடிய தலம். சாமி பேரே சதுரங்க வல்லபநாதர்! சதுரங்கத்தில் யாராலும் ஜெயிக்க முடியாத இளவரசி ராஜராஜேஸ்வரியை, சிவபெருமான் வயசானவர் வேஷத்தில் வந்து ஆடி ஜெயிச்சு மணந்தார்ங்கிறது தலபுராணம்.

2/ இப்போ ஒரு கேள்வி. அந்த ஆட்டம் பழைய விதிப்படி நடந்திருந்தா, பலகையில் ராணி இருந்திருக்குமா? இருந்திருக்காது. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

3/ சதுரங்கம் சுமார் 6-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் உருவாகி, பாரசீகம், அரபு நாடுகள் வழியா ஐரோப்பா போனது. அப்போ ராஜா பக்கத்தில் நின்னது மந்திரி. மூலைவிட்டமா ஒரே ஒரு கட்டம்தான் நகரும். பலகை நடுவில் நிறுத்தினாலும் அதுக்குப் போக 4 கட்டம்தான்.

4/ இன்னைக்கு பிஷப் நிற்கிற இடத்தில் அரபு ஆட்டத்தில் யானை. மூலைவிட்டமா சரியா இரண்டாவது கட்டத்துக்குத் தாவும். ஆட்டம் முடியுற வரைக்கும் தாவினாலும் 64 கட்டத்தில் 8-ஐத்தான் தொட முடியும். இரண்டு படையும் நேருக்கு நேர் மோதவே ரொம்ப நேரம் ஆகும். அதனால அரபு ஆட்டக்காரர்கள் ஆரம்ப வியூகங்களை முன்கூட்டியே வகுத்து வெச்சிருந்தாங்க.

5/ 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயின் பக்கம் யாரோ இரண்டு காயோட நடையை மட்டும் மாத்தினாங்க. மந்திரி ராணி ஆச்சு, எல்லா திசையிலும் எவ்வளவு தூரமும் போகலாம். யானை இன்றைய பிஷப் ஆச்சு. சுமார் 1475-ல் வலென்சியாவில் எழுதப்பட்ட ஒரு கவிதையில் இந்தப் புது விதிப்படி ஆடின ஆட்டம் இருக்கு.

6/ கணக்கைப் பாருங்க. நடுவில் நிற்கும் மந்திரிக்கு 4 கட்டம், ராணிக்கு 27. அதே 64 கட்டம், அதே 32 காய், அதே ராஜா. ஆனா இப்போ இரண்டாவது நகர்த்தலிலேயே ஒருத்தர் தோற்கலாம். 1497-ல் லூசெனா எழுதின புத்தகத்தில் பழைய விதி, புது விதி இரண்டுக்கும் இடம் இருந்தது. அப்புறம் பழசு ஐரோப்பாவில் சீக்கிரமே மறைஞ்சுடுச்சு.

7/ எங்க தொழிலில் டோஸை மாத்தினா அடுத்த கேள்வி, பக்கவிளைவு என்ன? இங்கேயும் அதே கதைதான். ஆட்டம் வேகமா தொடங்கட்டும்னு சிப்பாயை முதல் தடவை 2 கட்டம் போக விட்டாங்க. உடனே அது எதிரி சிப்பாயிடம் வெட்டுப்படாம நழுவ ஆரம்பிச்சது. அதைச் சரிசெய்ய வந்ததுதான் 'ஆன் பாசான்': நழுவின சிப்பாயை, அது 1 கட்டம்தான் நகர்ந்த மாதிரி வெச்சு, அடுத்த நகர்த்தலிலேயே வெட்டலாம். கத்துக்குற குழந்தைகளை எல்லாம் குழப்புற அந்த விதி வேற ஒண்ணுமில்ல, பக்கவிளைவுக்குக் கொடுத்த மருந்து!

8/ மாற்றத்துக்கு விலையும் உண்டு. பஞ்சாப்காரர் மீர் சுல்தான் கான் கத்துக்கிட்டது இந்திய முறை. அதில் சிப்பாய்க்கு 2 கட்டம் கிடையாது, கேஸ்லிங்கும் கிடையாது. ஐரோப்பிய முறைக்காக, ஊறிப்போன பழக்கத்தை அவர் மாத்திக்க வேண்டியிருந்தது. இருந்தும் 1929, 1932, 1933-ல் பிரிட்டிஷ் சாம்பியன். கபாபிளாங்காவையே ஜெயிச்சவர். அவர் காலமானது 1966-ல். கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கிடைச்சது 2024-ல்தான். அவர் சின்ன வயசில் ஆடின அந்த முறையை இன்னைக்கு ஆடுறவங்க அபூர்வம்.

9/ நம்ம டெல்டாவுக்கே திரும்புவோம். இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் விஸ்வநாதன் ஆனந்த் பிறந்தது மயிலாடுதுறை. அவர் பட்டம் வாங்கின 1988-ல் கடிகாரம் இரக்கமே இல்லாதது. ஜெயிக்கிற நிலையில் இருந்தாலும் நேரம் தீர்ந்தா தோல்வி. பாபி ஃபிஷர் ஒரு கடிகாரத்துக்குக் காப்புரிமை வாங்கினார்: ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில விநாடி கூடும். 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடில் அது 30 விநாடி. காயும் மாறலை, கட்டமும் மாறலை. ஆனா கடைசி நேர அவசரத்தில் நல்ல ஆட்டம் வீணாப் போறது குறைஞ்சது.

10/ வீட்டில் பிள்ளை ஒரு விளையாட்டைப் பாதியில் விட்டுட்டு எழுந்து போனா, "இதுக்குப் பொறுமையே இல்ல"ன்னு உடனே முடிவு கட்டாதீங்க. முதலில் விதியைப் பாருங்க. கடிகாரத்தில் பிள்ளைக்கு 10 நிமிஷம், உங்களுக்கு 3 நிமிஷம் வைங்க. இல்லேன்னா உங்க ராணியை எடுத்துட்டு ஆடுங்க. ஒரே சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஆடிப் பாருங்க, எங்கே இடிக்குதுன்னு கவனிங்க, அதைச் சரிசெய்ங்க. ஆயிரம் வருஷத்துக்கு மேல சதுரங்கம் பிழைச்சிருக்கிறது அப்படித்தான்.

11/ இந்த ஞாயிற்றுக்கிழமை ராணியை ஒரு கட்டம் மட்டும் நகர்த்தி, பழைய மந்திரியா ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்க. எத்தனாவது நகர்த்தலில் கொட்டாவி வந்ததுன்னு கமெண்டில் சொல்லுங்க 🙂