நகராமல் கடல் தாண்டிய பணம்

உண்டியல் என்றால் தமிழ்நாட்டுக்காரருக்குக் கோயிலில் பூட்டுப் போட்டு வைத்திருக்கும் பெட்டி. இல்லாவிட்டால், சின்ன வயசில் காசு சேர்த்து, பொறுமை போனதும் தரையில் போட்டு உடைத்த மண் கலயம். அதே சொல்லை யாழ்ப்பாணத்தில் சொல்லிப் பாருங்கள். "அண்ணா உண்டியலில காசு அனுப்பியிருக்கிறார்" என்றால், டொரொண்டோவிலோ லண்டனிலோ இருக்கும் அண்ணன் அங்கே ஒருவரிடம் பணத்தைக் கட்டிவிட்டார், இங்கே வேறொருவர் அதைக் கொடுத்துவிடுவார் என்று அர்த்தம். வங்கியும் கிடையாது, படிவமும் கிடையாது.

வட இந்திய வணிகர்கள் ஹுண்டி என்றதும் இதைத்தான். இன்றைக்கு இந்தச் சொல் செய்தியில் வந்தால் பக்கத்திலேயே ஹவாலா, சோதனை, கைது என்று ஏதாவது வரும். நூறு வருஷத்துக்கு முன்பு அப்படி இல்லை. காரைக்குடியையும் ரங்கூனையும் பினாங்கையும் கொழும்பையும் கட்டி வைத்திருந்த மரியாதையான காகிதம் அது. அதை எழுதியவர்களில் பெரும் பங்கு நாட்டுக்கோட்டை நகரத்தார்களுடையது. அவர்களுடைய சாமர்த்தியத்தை நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அந்தக் காகிதத்துக்கு வெளியே நின்றவர்களைப் பற்றிப் பேசியது குறைவு.

முதலில் பர்மாவுக்குப் போவோம். 1852 போரில் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவின் காடும் சதுப்பும் நெல் வயல்களாக மாறத் தொடங்கின. 1930களில் கீழ் பர்மாவின் நெல் பரப்பு 80 லட்சம் ஏக்கருக்கு மேல். காட்டை வெட்ட, மாடு வாங்க, அறுவடை வரைக்கும் சாப்பிட விவசாயிக்குப் பணம் வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் அரிசி ஏற்றுமதிக் கம்பெனிகளோடு நின்றுவிட்டன. சேற்றில் நிற்பவனுக்குக் கடன் கொடுக்க அவர்கள் தயாராக இல்லை. அந்த இடத்துக்குத்தான் செட்டியார் கடைகள் வந்தன. 1929-30இல் அமைந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு எண்ணியபோது அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றில் போட்டிருந்த பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்று அந்தக் குழு மதிப்பிட்டது. அன்றைய ரூபாயில்.

சரி, இவ்வளவு பணம் எப்படிக் கடலைத் தாண்டியது? கப்பலில் வெள்ளி மூட்டையா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரங்கூனில் ஒருவர் 10,000 ரூபாய் கட்டுகிறார். அது காரைக்குடியில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். ரங்கூன் கடையின் ஏஜெண்டு ஓர் உண்டியல் எழுதிக் கொடுக்கிறார்: இன்ன விலாசத்தார் இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும். அதே விவரத்தோடு காரைக்குடிக் கடைக்குத் தனியாக ஒரு கடிதம். உண்டியல் வந்ததும் கடிதத்தோடும் கையெழுத்தோடும் ஒப்பிட்டுப் பணம் கொடுப்பார்கள். அதே வாரம் சென்னையில் ஓர் அரிசி வியாபாரி, ரங்கூன் மில்லுக்குக் கொடுக்க வேண்டிய 9,000 ரூபாயை இந்தப் பக்கத்துக் கடையில் கட்டுகிறார். அவருக்கும் ஓர் உண்டியல். இரண்டு காகிதங்கள் வங்கக் கடலில் ஒன்றையொன்று தாண்டிப் போகின்றன. 19,000 ரூபாய்க்கு வேலை நடந்துவிட்டது. மீதி நிற்பது 1,000 ரூபாய்தான். அதுவும் நோட்டாக நகர வேண்டியதில்லை, பேரேட்டில் பற்றாக நிற்கும். அடுத்த அறுவடைப் பருவத்தில் நேராகிவிடும்.

பார்த்தவுடன் கொடுக்க வேண்டியது தர்சன உண்டியல். குறிப்பிட்ட நாள் கழித்துக் கொடுப்பது தவணை உண்டியல். பர்மா அன்று பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு மாகாணம் என்பதால் அங்கும் ரூபாய்தான். மலேயாவில் டாலர். 1906இல் அந்த டாலரை 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிறுத்தினார்கள். ரூபாய் அப்போது 1 ஷில்லிங் 4 பென்ஸ். ஆக 100 டாலர் என்றால் 175 ரூபாய். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த பிள்ளைக்கு இந்தக் கணக்கு விரல் நுனியில் இருந்தாக வேண்டும்.

இன்றைய வங்கிகளும் பெரிதாக வேறு எதுவும் செய்வதில்லை. 1973இல் தொடங்கிய ஸ்விஃப்ட் பணத்தை அனுப்புவதில்லை, செய்தியைத்தான் அனுப்புகிறது. இந்த வங்கியின் கணக்கில் குறை, அந்த வங்கியின் கணக்கில் கூட்டு. உண்டியலும் அதுதான்.

ஆனால் கடைக்காரர் கொடுக்க மாட்டேன் என்றால்? 1881ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம், கீழை மொழிகளில் எழுதும் ஆவணங்களின் உள்ளூர் வழக்கத்தில் கை வைக்காமல் முதல் பிரிவிலேயே ஒதுங்கிக்கொண்டது. கோர்ட்டுக்கு முன்னால் காவலாக நின்றது வேறு. ஒன்று விலாசம்: இரண்டு மூன்று எழுத்துகளில் குடும்பத்தின் பெயர். அது கெட்டால் எல்லா ஊரிலும் கெடும். இன்னொன்று கோயில். ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதம் ஒருமுறை கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். கடைகளில் போட்டிருந்த பணத்திலேயே 'கோவில் பணம்' என்று ஒரு வகை, 'ஆச்சிமார் பணம்' என்று ஒரு வகை. சாமி, மனைவியின் சீதனம், மாமனாரின் முதல் எல்லாம் ஒரே பேரேட்டுக்குள். ஏமாற்றியவன் கடனை மட்டும் இழக்க மாட்டான், சம்பந்தத்தையும் இழப்பான்.

இதை நம்பிக்கை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் அந்த நம்பிக்கைக்கு ஒரு வேலி இருந்தது. உள்ளே இருப்பவருக்கு ஒரு துண்டுக் காகிதம் போதும். வெளியே நிற்கும் பர்மிய விவசாயிக்கு நிலப் பத்திரம் வேண்டும். வட்டி மாதம் நூற்றுக்கு ஒன்றே கால் முதல் இரண்டு ரூபாய் வரை. உள்ளூர் பர்மிய வட்டிக்காரர்கள் இதைவிடக் கூடுதலாகவே வாங்கினார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். நெல் விலை நிற்கிற வரைக்கும் வண்டி ஓடியது.

1930இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. நெல் விலை பாதிக்கும் கீழே போனது. விலையை முடிவு செய்தவர்கள் எங்கேயோ இருந்தார்கள், வாசலில் வந்து நின்றவர் செட்டியார் கடை ஏஜெண்டு. அந்த டிசம்பரில் தாராவாடியில் சயா சான் கிளர்ச்சி வெடித்தது. கடன் திரும்பவில்லை, பத்திரம் கை மாறியது. 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் 6 சதவீதம். 1938 வாக்கில் 25 சதவீதம். காட்டை வெட்டி வயலாக்கியவர்கள் அதே வயலில் குத்தகைக்காரர்கள் ஆனார்கள்.

செட்டியார்கள் இந்த நிலத்தைத் தேடிப் போகவில்லை. அவர்களுக்கு வேண்டியது பணம். நிலத்தை உண்டியலாக எழுத முடியாது. ஒரு காகிதத்தில் லட்சம் ரூபாயைக் கடல் தாண்ட வைத்தவர்களின் சொத்து, முதல் தடவையாக, நகராத பொருளாக மாறி நின்றது. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. அதே வருஷம் பிப்ரவரி 10ஆம் தேதி எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. 1938இல் ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிரான கலவரம். 1941 டிசம்பர் 23இல் ஜப்பானியக் குண்டு. லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வந்தார்கள். வழியில் செத்தவர்களில் பெரும்பாலோர் ஏழைக் கூலிகள். அவர்களுக்கு விலாசமும் கிடையாது, ஐந்தொகையும் கிடையாது.

சுதந்திர பர்மா 1948இல் நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. 1963இல் வங்கிகள் அரசிடம் போயின, 1964இல் கடைகள். அதே மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. அப்படி வந்தவர்களில் சிலர் சென்னைக் கடற்கரைச் சாலையில் விரித்த கடைகள்தான் பர்மா பஜார்.

உண்டியல் மட்டும் சாகவில்லை. 2021இல் இலங்கை மத்திய வங்கி டாலரை 200 ரூபாய் அளவில் பிடித்து வைத்திருந்தது. வெளியே அதைவிடக் கூடுதல் கிடைத்தது. வெளிநாட்டில் வேலை செய்தவர்கள் உண்டியல் பக்கம் திரும்பினார்கள். வங்கி வழி வந்த பணம் 2020இல் சுமார் 710 கோடி டாலர், 2022இல் சுமார் 380 கோடி. அனுப்பியவர்கள் செய்ததில் தப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வியர்வை சிந்திச் சம்பாதித்ததைக் குறைந்த விலைக்கு ஏன் விற்க வேண்டும்? வீட்டுக்கு ரூபாய் சரியாகவே வந்தது. டாலர் வரவில்லை. உண்டியலில் பணம் நகராது, அதுதானே அதன் திறமை. நாட்டுக்குள் வராமல்போன அந்த டாலரில்தான் பெட்ரோலும் மருந்தும் வாங்க வேண்டியிருந்தது. கையிருப்பு தீர்ந்ததற்குப் பெரிய காரணங்கள் வேறு பல உண்டு. ஆனாலும் வரிசையில் நின்றவர்களில், வெளிநாட்டில் அண்ணன் இல்லாதவர்களும் இருந்தார்கள்.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூண்களைத் தொட்டுப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள். நானும் எடுத்திருக்கிறேன். அந்த வீடுகளின் பழைய பேரேடுகளைப் படித்து எழுத யாராவது உட்கார்ந்தால், வரவுப் பக்கத்தோடு நிறுத்திவிட வேண்டாம். பற்றுப் பக்கத்தில் தமிழ் எழுத்தில் பர்மியப் பெயர்கள் இருக்கும்.