பொதி நிலைமாற்றம்

பொதி நிலைமாற்றம் என்பது கணினி வலையமைப்பில் ஒரு தகவலைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, அவற்றைத் தனித்தனியே அனுப்பி, சேருமிடத்தில் மீண்டும் ஒன்றுசேர்க்கும் முறையாகும். இத்துண்டு ஒவ்வொன்றும் பொதி எனப்படும். இணையம் இம்முறையிலேயே இயங்குகிறது.

தேவை

பழைய தொலைபேசி வலையமைப்பில், இருவர் பேசி முடிக்கும்வரை அவர்களுக்கென ஒரு தடம் முழுமையாக ஒதுக்கப்பட்டது. இது சுற்று நிலைமாற்றம் எனப்படும். இருவரும் வாய் திறவாமல் இருந்தாலும் அத்தடத்தைப் பிறர் பயன்படுத்த இயலாது. கணினிகளோ ஒரு நொடியில் பெருமளவு தரவை அனுப்பிவிட்டு, நெடுநேரம் வாளாவிருக்கும் இயல்புடையவை. பொதிகளாக அனுப்பும்போது ஒரே கம்பியைப் பல கணினிகள் பகிர்ந்துகொள்ள முடிகிறது.

வரலாறு

அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பால் பேரன் 1960களின் தொடக்கத்திலும், இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் டொனால்டு டேவிசு 1965இலும், ஒருவர் பணியை மற்றவர் அறியாமல் இக்கருத்தை வகுத்தனர். தாக்குதலுக்குப் பின்னும் செயற்படும் தொடர்பு வலையைப் பேரன் நாடினார். ஒரு கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்துவதை டேவிசு நாடினார். இதனால் ஆர்ப்பாநெட் அணுப்போருக்காகவே கட்டப்பட்டது எனக் கூறுவோர் உண்டு; உண்மையில் அது ஆய்வு நிறுவனங்களின் கணினிகளைப் பகிர்வதற்காக உருவானது. அதில் 29 அக்டோபர் 1969 அன்று அனுப்பப்பட்ட முதற்செய்தி 'லாகின்' என்னும் ஆங்கிலச் சொல். முதல் இரண்டு எழுத்துகள் சென்றடைந்ததும் பெறுமிடக் கணினி செயலிழந்தது.

செயற்படும் விதம்

ஈதர்நெட் வலையமைப்பில் ஒரு பொதியின் அளவு வழக்கமாக 1,500 பைட்டுகளுக்கு மிகாது. எனவே 3 மெகாபைட்டு ஒளிப்படம் ஒன்று 2,000க்கும் மேற்பட்ட பொதிகளாகும். ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும் அனுப்புநர், பெறுநர் ஆகியோரின் ஐபி முகவரிகள் இருக்கும். வழியில் உள்ள திசைவிகள் (ரூட்டர்கள்) பெறுநர் முகவரியைப் பார்த்து அடுத்த திசைவிக்குப் பொதியைத் தள்ளிவிடுகின்றன. பொதிகள் பல வழிகளில் சிதறிச் செல்வதாகப் படங்களில் வரைவதுண்டு. அவ்வாறு செல்லக்கூடும் என்பதே சரி; நடைமுறையில் ஒரு தொடர்பின் பொதிகள் பெரும்பாலும் ஒரே வழியிலேயே செல்கின்றன.

இழப்பும் நெரிசலும்

திசைவியின் நினைவகம் நிரம்பிவிட்டால், மேலும் வரும் பொதிகளை அது கைவிட்டுவிடும். இழந்ததைக் கண்டறிந்து மீண்டும் அனுப்பும் பொறுப்பு திசைவியுடையதன்று, இருமுனைக் கணினிகளுடையது. ஆர்ப்பாநெட் 1983 சனவரி 1 முதல் பயன்படுத்திய டிசிபி நெறிமுறை இப்பணியைச் செய்கிறது. பொதி கிடைத்ததெனப் பெறுநரிடமிருந்து உரிய நேரத்தில் ஒப்புகை வராவிட்டால், அனுப்புநர் அதை மறுபடி அனுப்புவார்.

இந்த ஏற்பாடே ஒருமுறை வலையமைப்பை முடக்கியது. 1986 அக்டோபரில், லாரன்சு பெர்க்லி ஆய்வகத்திற்கும் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திற்கும் இடையே, வெறும் 400 கெஜத் தொலைவில், தரவு வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக வீழ்ந்தது. மேற்கூறிய ஒளிப்படத்தை முந்தைய வேகத்தில் பன்னிரண்டரை நிமிடத்தில் அனுப்பிவிடலாம். பிந்தைய வேகத்தில் ஏறத்தாழ 7 நாட்கள் ஆகும். கம்பி எதுவும் அறுந்திருக்கவில்லை. தாமதமான பொதிகளைத் தொலைந்தவை எனக் கருதிக் கணினிகள் மீண்டும் மீண்டும் அனுப்பியதால், ஏற்கனவே நிரம்பிய வரிசைகள் மேலும் நெரிந்தன.

வான் யாக்கப்சன், மைக்கேல் காரல்சு ஆகியோர் இதற்குக் கண்ட தீர்வு 1988இல் வெளியானது. அதன்படி, ஒரு கணினி முதலில் சில பொதிகளை மட்டும் அனுப்பி, ஒப்புகைகள் வரவர அளவைக் கூட்டும். இழப்பு தென்பட்டால் உடனே வெகுவாகக் குறைக்கும். திசைவிகளை மாற்ற வேண்டியிருக்கவில்லை. கணினிகளில் இருந்த டிசிபி மென்பொருளை மாற்றியதே போதுமானதாயிற்று.

குரல் அழைப்புகளில் பெரும்பாலும் யுடிபி என்னும் வேறு நெறிமுறை பயன்படுகிறது. தொலைந்த ஒலித்துண்டு தாமதமாக வந்து சேர்வதால் பயனில்லை என்பதால், யுடிபி அதை மீண்டும் அனுப்புவதில்லை.